களிம்பு பூத்த வித்துவான்

திருவன்னிக்காவு மடத்து வசந்த மண்டபத்தில், வைகாசி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, செம்பில் களிம்பு எப்படித் தொடக்கம் தெரியாத காலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அப்படியே உயிரில் ஆணவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இருபத்தேழாவது வருஷமாக, அதே குரலில், அதே இடத்தில் கையை உயர்த்தி, அதே இடத்தில் தண்ணீர் குடித்து வித்துவான் மாசிலாமணி விளக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய வலது காது மடலில் களிம்பு பூத்தது. கேட்டுக்கொண்டிருந்த நாற்பது பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதில் தேர்ந்தவர்கள். மீதிப் பேர் வகுப்பு முடிந்ததும் மடைப்பள்ளியில் கொடுக்கும் வெண்பொங்கலை நினைத்துக்கொண்டு தலையாட்டியவர்கள். பார்த்தது அவருடைய மனைவி தையல்நாயகி மட்டும்தான். புருஷனுக்கு நடுநடுவே தண்ணீர் கொடுப்பதற்காக மேடையோரத்தில் செம்பும் கையுமாக உட்கார்ந்திருந்த அவளுக்கு, அது மருவும் இல்லை, மஞ்சளும் இல்லை, தலைச்சாயம் வழிந்ததும் இல்லை, அசல் களிம்பு என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

களிம்போடு அவளுக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம். வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள் காலையில் மாமியார் பூசையறைச் செம்புகளையும் தட்டுகளையும் கெண்டியையும் கொல்லையில் கொண்டுவந்து போட்ட நாள் முதலாக, தினமும் விடிந்ததும் புளியையும் சாம்பலையும் குழைத்து அவற்றைத் தேய்த்துத் தேய்த்து, எந்தச் செம்பு கழுத்தில் முதலில் கறுக்கும், எந்தத் தட்டு மழைக்காலத்தில் பச்சை கட்டும் என்பதெல்லாம் அவளுடைய உள்ளங்கைக்கே மனப்பாடமாகிவிட்டது. அவள் தேய்த்துக் கொடுத்த செம்பில் நீர் மொண்டு மாசிலாமணி லிங்கத்துக்கு ஊற்றுவார். அவள் நிலைப்படிக்கு வெளியே நின்று கும்பிடுவாள். தீட்சை பெறாதவர்கள் அந்த லிங்கத்தைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத லிங்கம் அது. அதன் தலையில் தன் கையால் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைத் தவிர தையல்நாயகி இந்த உலகத்தில் வேறெதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஆனி மாதத்தில் குருபூசையன்று மடத்தில் வருஷத்துக்கு ஒரு தரம் தீட்சை கொடுப்பார்கள். பட்டியல் போடுபவர் மடத்து நிர்வாகம் பார்க்கும் துறவியான கட்டளைத் தம்பிரான். யாருக்குப் பக்குவம் வந்திருக்கிறது, யாருக்கு வரவில்லை என்று அவருக்குச் சொல்பவர் வித்துவான் மாசிலாமணி. அரிசி மண்டிக்காரருக்குப் பக்குவம் வந்தது, அவருடைய மச்சினருக்கு வந்தது, வகுப்புக்கு மூன்றே நாள் வந்த தாசில்தாருக்குக்கூட ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் வந்துவிட்டது. பெண்டாட்டியின் பேச்சு வரும்போது மட்டும் வித்துவான் சிரிப்பார். “இவளுக்கா? ஆத்மா எது, அடுப்பு எதுன்னு இவளுக்குத் தெரியாது சாமி. நான் இவளைக் கூப்பிடுறதே அஞ்ஞானம்னுதான்” என்பார். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. வீட்டில் அவர் அப்படித்தான் கூப்பிட்டார். அஞ்ஞானம், காப்பி ஆச்சா. அஞ்ஞானம், என் விசிறிமடிப்பு வேட்டி எங்கே. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், தையல்நாயகியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள், உள்ளே போனதும் துலக்கின செம்பையே மறுபடி எடுத்துத் தேய்ப்பாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்.

“உங்க காதுல களிம்பு ஏறியிருக்குங்க.”

“என்னது?”

“களிம்பு. செம்புல ஏறுமே, அது.”

மாசிலாமணி கண்ணாடியில் பார்த்தார், விரலால் தடவினார், முகர்ந்தார். பிறகு, பாடம் தெரியாத மாணவனிடம் காட்டும் பொறுமையை வரவழைத்துக்கொண்டார். “அடி அஞ்ஞானம், களிம்புங்கிறது உவமை. புரியாத ஜனங்களுக்காகப் பெரியவங்க சொல்லிவெச்ச உவமை. உவமை எங்கேயாவது காதுல வந்து ஒட்டுமா?”

“ஒட்டியிருக்கே.”

“வாயை மூடு. சொறியா இருக்கும்.”

அவள் நெல்லிக்காய் அளவு புளியை நனைத்துக்கொண்டு வந்து நாலு தேய்ப்புத் தேய்த்தாள். காது பளிச்சென்று ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆணவம் என்பது தன்னையும் காட்டாது பிறவற்றையும் காட்டாது, இதை இந்த ஜில்லாவில் என்னைத் தவிர யார் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் கேட்ட மாத்திரத்தில், காதில் மறுபடி பூத்து, கழுத்து வரை இறங்கியது.

பிறகு அது அவரோடு நிற்கவில்லை. மழை வரும் காலத்தில் மழை வருகிற மாதிரி ஊருக்குள் களிம்பு வந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து, வித்துவான் ஒரு சொல்லை எடுப்பதற்குள் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும் தமயந்தி டீச்சருக்கு முன்பற்களுக்கு மேல் ஈறில் வந்தது. ருத்திராட்சக் கொட்டையின் முகத்தை எண்ணி அசலா போலியா என்று சொல்லும் அரிசி மண்டிக்காரருக்கு விரல்நுனியில் வந்தது. கடவுளே இல்லை, எனக்கு எல்லாம் தெரியும் என்று டீக்கடையில் முப்பது வருஷமாக முழங்கிவந்த சைக்கிள் கடை ராசப்பாவுக்கும் வந்தது, அவருக்கு உச்சந்தலையில். சாமிக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று என்னைக் கேட்காமல் அந்தச் சாமிக்கே தெரியாது என்று சொன்ன பூக்காரிக்கு முழங்கையின் உள்பக்கத்தில் வந்தது. யாருக்கு எந்த இடத்தில் ‘எனக்குத் தெரியும்’ என்ற நினைப்பு குடியிருந்ததோ அவருக்கு அந்த இடத்தில் வந்தது. டாக்டர் சுரண்டி எடுத்து டவுனுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, இது செம்புக் களிம்புதான், மருந்து கிடையாது என்றார், சொல்லும்போதே அவருடைய கழுத்தில் தொங்கிய குழாயின் அடியில் லேசாகப் பச்சை கட்டியது. யாரும் வாய்பிளக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்றும் யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

முதல் இரண்டு வாரம் ஊர் வெட்கப்பட்டது. அந்த ஊரின் சரித்திரத்தில் அந்த இரண்டு வாரத்தைத்தான் உருப்படியான காலம் என்று சொல்ல வேண்டும். ஆண்கள் சித்திரை வெயில் மிச்சமிருக்கும்போதே மப்ளர் சுற்றிக்கொண்டார்கள், பெண்கள் முந்தானையைக் காதோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள், நாலு பேர் கூடினால் யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. வித்துவான் வீட்டுக் கொல்லைப்புறக் கதவை ஒவ்வொருவராக வந்து தட்டினார்கள். “தையலு, கொஞ்சம் தேய்ச்சு விடேன், வெளியில சொல்லாதே” என்றார்கள். அவள் கிணற்றடியில் முக்காலியைப் போட்டு உட்காரவைத்துத் தேய்த்துவிட்டாள். புளிக்குக் கரைவது யாருடையது, சாம்பல் சேர்த்தால் கரைவது யாருடையது, செங்கல் பொடி போட்டு முழங்காலை ஊன்றித் தேய்த்தாலும் அசையாதது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. பூக்காரியுடையது ஒரே வழிப்பில் போனது. தமயந்தி டீச்சருடையது போகவே இல்லை, ஏனென்றால் தேய்க்கும்போதும் டீச்சர் தேய்க்கும் முறையைத் திருத்திக்கொண்டே இருந்தாள்.

பெரிய மனிதர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தால் ஊர் என்னாவது? வழி கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு வித்துவான் மாசிலாமணிக்கு வந்தது. இரண்டு கன்னமும் பச்சையாக, மூன்று நாள் சாத்திரத்தைப் புரட்டிவிட்டு, நாலாம் நாள் மண்டபத்துக்கு வந்து மப்ளரை உருவி வீசினார்.

“மெய்யன்பர்களே, நாம் எதற்காக வெட்கப்படுகிறோம்? மாம்பழம் பழுத்தால் தோலில் நிறம் வருகிறது. ஆணவமென்னும் மலம் பழுத்தால் மேனியில் களிம்பு வருகிறது. இதற்குத்தான் மலபரிபாகம் என்று பெயர். உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம்? உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம்!”

உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னாரே, இருபத்தேழு வருஷத்தில் அந்த மனிதர் தன்னைப்பற்றிச் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதுவும் தெரியாமல் சொன்னது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அழுதவர்கள்கூட உண்டு. மடத்துத் தலைவரான சந்நிதானத்திடம் விஷயம் போயிற்று. மகாசந்நிதானத்துக்கு இரண்டு வாரமாகக் காலைக் காவித்துணிக்கு வெளியே நீட்ட முடியாத சங்கடம் ஒன்று இருந்தது. அன்று சாயங்காலமே துணியை விலக்கி, பச்சைப் பசேலென்று இருந்த இரண்டு பெருவிரல்களையும் தட்டில் ஊன்றி, “நாமும் இதையே திருவுளம் பற்றியிருந்தோம்” என்று அருளினார். ஜனங்கள் அந்த விரல்களுக்குச் சந்தனம் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. கழுத்து வரை களிம்பு உள்ளவர்களுக்கு மண்டபத்தில் முன்வரிசை, கை மட்டும் உள்ளவர்களுக்கு நடுவரிசை, புள்ளியளவு உள்ளவர்களுக்குத் தூணோரம், ஒன்றுமே இல்லாதவர்களுக்குச் செருப்பு விடும் இடம் என்று தம்பிரான் கயிறு கட்டினார். பெண் பார்க்கப் போனவர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் பெண்ணுக்கு எதுவரை ஏறியிருக்கிறது என்று கேட்டார்கள். வராதவர்கள் உரக்கடைக்குப் போய் மயில்துத்தம் வாங்கிக் குழைத்துப் பூசிக்கொண்டு, தோல் வெந்து, கொப்புளத்தோடு வந்து, இது ஞானக் கொப்புளம் என்று சாதித்தார்கள். அசலா பூச்சா என்று கண்டுபிடிக்க அரிசி மண்டிக்காரர் நியமிக்கப்பட்டார். அவர் எல்லோரையும் முகர்ந்து பார்த்தார். சென்னையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், போகும்போது சிலர் பச்சையோடு போனார்கள்.

புளி ஞானத்துக்கு விரோதி என்று முடிவாயிற்று. மடைப்பள்ளியில் புளி நுழையக்கூடாது என்று உத்தரவு வந்தது. ரசத்துக்குத் தக்காளி மட்டும், சாம்பாருக்கு மாங்காய், கோயிலில் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த புளிச்சாதம் நின்று, அந்த இடத்தில் எலுமிச்சைச் சாதம் வந்தது. எலுமிச்சையும் களிம்பை எடுக்கும் என்பது அங்கே இருந்த எந்த ஞானிக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவர்களில் ஒருவரும் ஒரு செம்பைக்கூடத் தேய்த்தவர்கள் இல்லை. சாப்பிட்டுவிட்டு உள்ளங்கை வெளுத்துப்போவதைப் பார்த்துப் பதறி, இடது கையால் சாப்பிடத் தொடங்கினார்கள்.

தையல்நாயகியின் கொல்லைக்கு இப்போது யாரும் வரவில்லை. தேய்த்துக்கொண்டு போனவர்கள், என் பக்குவத்தைச் சுரண்டி எடுத்துவிட்டாள் பாவி என்று திட்டினார்கள். ஆனி பாதியானதும் அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு தம்பிரானிடம் நேராகப் போனாள்.

“சாமி, இந்த வருஷமாச்சும் என் பேரைச் சேர்த்துக்கணும்.”

தம்பிரான் அவளை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். “எங்கேம்மா இருக்கு உனக்கு? ஒரு பொட்டுகூடக் காணோமே. கையைத் திருப்பு. ம்ஹூம். வித்துவான் சம்சாரமா இருந்துக்கிட்டு இப்படி மொழுமொழுன்னு வந்து நிக்கிறியே, உனக்கே வெட்கமா இல்லை?”

“தினம் புளியில கை வைக்கிறவளுக்கு எப்படிச் சாமி ஏறும்?”

“அதான் சொல்றேன். உன் மலம் இன்னும் பிஞ்சு. பழுக்கட்டும், அடுத்த பிறவியில பார்த்துக்கலாம்.”

மடத்து வாசலைத் தாண்டி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. எதிரே பச்சைக் கழுத்துகள் விறைத்துக்கொண்டு வந்தன, பச்சைக் கைகள் ஒன்றையொன்று கும்பிட்டன, தமயந்தி டீச்சர் பச்சை ஈறு தெரிய வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு போனாள். தூ, இதுகளும் ஒரு ஜென்மமா, களிம்பைக் கண்டால் களிம்பு என்று சொல்லத் தெரியாத இந்த மூட ஜனங்களுக்கு நடுவே, துலக்கின செம்பு மாதிரி நான் ஒருத்திதான் சுத்தமாக இருக்கிறேன், எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவ்வளவு இன்பமான நினைப்பு அவளுக்கு வந்ததே இல்லை. தேரடி திரும்புவதற்குள் வலது கட்டைவிரலில், நகத்துக்குக் கீழே, கடுகளவு பச்சை பூத்தது.

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பயமாக இருந்தது. ஊரையெல்லாம் உட்காரவைத்துத் தேய்த்தவளுக்கு, தன் விரலில் அதைப் பார்த்ததும் கூசியது. ஆனால் அடுத்த கணமே இன்னொன்றும் புரிந்தது. திரும்பி நாற்பது அடி நடந்து கட்டைவிரலை நீட்டினால் போதும், லிங்கத்தின் தலையில் தண்ணீர் ஊற்றலாம். அவள் திரும்பி நடந்தாள். இதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை, ஓட்டமும் நடையுமாகத்தான் போனாள்.

தம்பிரான் விரலைப் பிடித்துப் பார்த்தார், அரிசி மண்டிக்காரர் முகர்ந்து பார்த்தார், அசல் என்றார். பட்டியலில் ஏழாவது பெயராகத் தையல்நாயகி ஏறினாள். வீட்டில் வித்துவான் மட்டும் முகத்தைச் சுளித்தார். “கடுகளவுதானே” என்றார், பச்சை உதடுகளை அசைக்கமுடியாமல் அசைத்து. அன்றிலிருந்து அவள் வலது கட்டைவிரலைப் புளி படாமல் மடக்கி வைத்துக்கொண்டு, நாலு விரலால் செம்பு தேய்த்தாள். நாலு விரலால் தேய்த்த செம்புகள் ஒருநாளும் சரியாகத் துலங்கவில்லை.

குருபூசைக்கு நாலு நாள் இருக்கும்போது வித்துவான் மாசிலாமணி முழுவதும் பச்சையானார். மடக்கிய முழங்கால் நிமிரவில்லை, கை இறங்கவில்லை, உயர்த்திய இடத்திலேயே நின்றுவிட்டது. கடைசியாக உதடுகள் மேலும் கீழும் ஒட்டிக்கொண்டன. ஆணவத்தின் ஏழு இயல்புகளில் நாலாவதைச் சொல்லத் தொடங்கியபோது ஒட்டியது என்று, பக்கத்திலிருந்தவர்கள் சிலிர்த்துக்கொண்டு சொன்னார்கள். பூரண பக்குவம், மோனநிலை என்று அறிவித்து, அவரைத் தூக்கிக்கொண்டு போய் வசந்த மண்டபத்து நடுவில் பீடம் போட்டு உட்காரவைத்து மாலை போட்டார்கள். டாக்டர் வந்து குழாய் வைத்துத் திரவம் ஏற்றவேண்டும் என்றதற்கு, ஞானமேனியில் ஊசி குத்துவதா என்று தம்பிரான் விரட்டிவிட்டார். தையல்நாயகி கஞ்சி கொண்டுபோனாள். கஞ்சி போக வழி இல்லை. தமயந்தி டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவருக்கு இனிமே பசி, தாகமெல்லாம் கிடையாது தையல்நாயகி. உனக்கு எங்கே புரியப்போவுது.”

“கண்ணைப் பாருங்க டீச்சர். தண்ணி கேக்குறாரு.”

“அது அருள் பார்வை.”

மூன்று நாள் அவர் அப்படி அருள் பார்வை பார்த்தார். நாக்கு உள்ளே புரள்வது கன்னத்தில் தெரிந்தது. பார்த்தவர்கள், மந்திரம் ஓடுகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

குருபூசையன்று காலையில், குளத்தில் முழுகி எழுந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தீட்சை பெறுகிறவர்கள் பதினோரு பேரும் வரிசையாக மண்டபத்துக்குள் வந்தார்கள். ஏழாவதாகத் தையல்நாயகி. அந்தக் கோடியில் சந்நிதானம் புலித்தோலில் வீற்றிருந்தார். நாதஸ்வரம் ஊதினார்கள். வரிசை பீடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அவள் முறை வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

கட்டின புருஷன் என்று அவளுக்கு நெஞ்சு உருகியது என்று சொன்னால் அது பொய். உருகுகிற மாதிரி அந்த மனிதர் ஒருநாளும் நடந்துகொண்டதில்லை. அவள் பார்த்தது ஒரு பாத்திரத்தை. கழுத்திலிருந்து அடிவரை பச்சை கட்டி, மூடி திறக்காமல் இறுகி, நாலு நாளாக யாரும் கைவைக்காமல் நடுக்கூடத்தில் கிடக்கிற பாத்திரத்தை. சுற்றிலும் அத்தனை பேர் நின்றுகொண்டு அதற்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவருடைய கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கி, கன்னத்துப் பச்சையில் கோடு கிழித்துக்கொண்டு போயிற்று. முன்னால் ஆறு பேர், அதற்கப்புறம் தீட்சை, அதற்கப்புறம் ஒரு செம்புத் தண்ணீர். இப்போது வரிசையை விட்டால் இனி எந்த ஆனியிலும் தன் பெயர் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. சனியன், என்று வாய்விட்டே சொன்னாள், யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வரிசையை விட்டு விலகி, ஈரப் புடவையோடு இரண்டு தெரு நடந்து வீட்டுக்குப் போய், ஜாடியில் மிச்சமிருந்த பழம்புளியை உருண்டையாக அள்ளி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

அவள் பீடத்தில் ஏறியபோதுதான் கூட்டத்துக்கு உறைத்தது. “ஐயோ, புளி! புளி!” என்று தமயந்தி டீச்சர் அலறினாள். பாம்பு நுழைந்தால்கூட அந்த மண்டபத்தில் அவ்வளவு கலவரம் நடந்திருக்காது. முன்வரிசைக்காரர்கள் தெறித்து விழுந்து பின்வரிசைக்கு ஓடினார்கள், ஓட முடியாமல் விறைத்தவர்கள் நின்ற இடத்தில் கத்தினார்கள். அரிசி மண்டிக்காரர் அவளைப் பிடித்து இழுக்க வந்தார். புளிக்கையை அவர் பக்கம் நீட்டினாள். தன் விரல்நுனிகளை அக்குளில் மறைத்துக்கொண்டு பின்வாங்கினார். தையல்நாயகி புருஷனின் தாடையை இடது கையால் பிடித்து நிறுத்தி, வலது கையின் ஐந்து விரலாலும் தேய்த்தாள். மேலுதடு, கீழுதடு, கடைவாய் மூலை. பச்சைத் தண்ணீர் மாலையில் வழிந்து, பீடத்தில் வழிந்து, தரையில் ஓடியது.

“நிறுத்தம்மா!” என்று எழுந்தார் சந்நிதானம். “என்ன செய்கிறாய் என்று தெரிந்துதான் செய்கிறாயா?”

“பாத்திரம் தேய்க்கிறேன் சாமி. இவ்வளவு அழுக்கைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா போக முடியலை. அவ்வளவுதான்.”

“உனக்குத் தீட்சை கிடையாது. இந்த மடத்தில் இனி எப்போதும் கிடையாது.”

“சரிங்க சாமி” என்றாள், கையை நிறுத்தாமல்.

கடைசியாக உதடுகள் பிரிந்தன. அவள் வாளித் தண்ணீரைத் தள்ளிவிட்டு, மேடையோரச் செம்பை எடுத்து அவர் வாயில் ஊற்றினாள். ஒரு செம்பு போயிற்று, இன்னொரு செம்பு போயிற்று, மூன்றாவது செம்பில் பாதி போயிற்று. நாலு நாள் மௌனத்திலிருந்து மகாஞானி என்ன சொல்லப்போகிறார் என்று, அவளை அடிக்க வந்தவர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டார்கள். மாசிலாமணி மூச்சு வாங்கினார், உதட்டை நக்கினார், அவளைப் பார்த்தார்.

“யாரைக் கேட்டுடி தொட்டே, அஞ்ஞானம்?” என்றார். “நாலாவது இயல்பை நான் இன்னும் முடிக்கலை.”

முடித்தார். பிறகு ஐந்தாவதைத் தொடங்கினார். தொடங்கும்போதே கீழுதட்டின் ஓரத்தில் மறுபடி பச்சை கட்டுவதை அவள் பார்த்தாள். கூட்டம் மெய்சிலிர்த்து, விட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டது. தையல்நாயகி கோபப்படவில்லை. எத்தனையோ வருஷமாக அந்த மனிதர் மேல் அவளுக்கு ஒரு பயம் இருந்தது, அவருக்கு ஏதோ தெரியும் என்கிற பயம், அது போயிருந்தது. புளிச்சக்கையை வாளியில் போட்டுக்கொண்டு இறங்கி, கட்டின கயிற்றையெல்லாம் தாண்டி, வீட்டுக்கு நடந்தாள்.

கிணற்றடியில் உட்கார்ந்து கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் பச்சை கரைந்திருந்தது, நகக்கண்ணில் மட்டும் மயிரிழை மிச்சம். நீ மட்டும் என்ன ஒழுங்கு, பொட்டுப் பச்சைக்காக ஓட்டமும் நடையுமாப் போனவதானே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். மிச்சப் புளியால் அதையும் வழித்தாள். நாளைக்குத் திரும்ப வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. நாளைக்கும் தேய்க்க வேண்டும். நாலு விரலால் தேய்த்து நாசமாகியிருந்த செம்பை எடுத்து ஐந்து விரலால் துலக்கினாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு புடவை கட்டி, பூசையறை நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள். லிங்கம் இருந்த பெட்டகத்தைத் திறந்தாள். செம்பைச் சாய்த்தாள்.

இடி இடிக்கவில்லை, மணி தானாக அடிக்கவில்லை. கல் நனைந்தது. நனைந்த கல் இவ்வளவு கறுப்பாக, இவ்வளவு அழகாக இருக்கும் என்று இருபத்தெட்டு வருஷமாக வெளியே நின்றவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, இந்தத் தடவை தாராளமாக அழுதாள். இன்னொரு செம்பு மொண்டாள்.

வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். தம்பிரானும், அரிசி மண்டிக்காரரும், இன்னும் நாலைந்து பச்சைக் கழுத்துகளும். மடத்தின் தீர்மானத்தைப் படித்துக் காட்ட வேண்டும், அவள் வெளியே வந்து கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தம்பிரான் கதவைத் தடதடவென்று தட்டினார். தையல்நாயகி திரும்பிப் பார்க்கவில்லை.

“இருங்க,” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “பூசையில இருக்கேன்.”